கேட்டல் உரிமை: பல்கலைக்கழக முறையீட்டு வரலாறும் ஊவாத் தோட்டப்புற மாணவரும் – ஒரு நோக்கு

தமிழில் "கேட்டல்" என்னும் சொல் இருபொருள் பயப்பது. ஒருவன் தன் குறையை எடுத்துரைத்து நீதி வேண்டுவதும் கேட்டலே; அக்குறையைச் செவிமடுத்து ஆராய்வதும் கேட்டலே. கேட்பவன் ஒருவனும் அவனைக் கேட்பவன் ஒருவனும் இருக்கும்போதே முறையீடு என்பது முழுமை பெறுகின்றது. இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் மற்றையது பயனற்றுப் போகும். பல்கலைக்கழகங்களில் மாணவர் செய்யும் முறைப்பாடுகள், பரீட்சை முடிவுகள் மீதும் அனுமதி முடிவுகள் மீதும் எழும் மேன்முறையீடுகள், பரீட்சைக் குற்றச்சாட்டுகள் மீதான விசாரணைகள் ஆகிய மூன்றும் இந்தக் கேட்டலை அடிப்படையாகக் கொண்டவை. இலங்கைப் பல்கலைக்கழக வரலாற்றில் இம்மூன்றும் வளர்ந்த முறையினையும், பூனாகலை போன்ற ஊவாத் தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் மாணவருக்கு அவை எந்த அளவிற்குக் கைக்கெட்டுவனவாக அமைந்தன என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையீடு பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்த தமிழ் மன்னன் எல்லாளனின் படுக்கைத் தலைமாட்டில் ஒரு மணி கட்டப்பட்டிருந்தது என்றும், நீதி வேண்டுவோர் எவரும் இழுத்து ஒலிப்பதற்கு ஏற்ற நீண்ட கயிறு அதில் இணைக்கப்பட்டிருந்தது என்றும் மகாவம்சம் கூறுகின்றது. கன்றை இழந்த பசுவும், குஞ்சை இழந்த பறவையும், உலர்த்திய அரிசியைக் காலந்தவறிய மழைக்குப் பறிகொடுத்த மூதாட்டியும் அம்மணியை அடித்தனர் என்பது அந்நூல் தரும் செய்தி. இக்கதையின் உட்பொருளை நோக்கின், அங்கு மணியைக் காட்டிலும் கயிறே முதன்மை பெறுவதை உணரலாம். அரண்மனைக்கு வெளியே நிற்பவருக்கும் எட்டும் அளவிற்கு அது நீண்டிருந்தது. சிலப்பதிகாரம் இதன் மறுதலையைக் காட்டுகின்றது. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு, குற்றஞ்சாட்டப்பட்ட கோவலனைக் கேளாமலே பாண்டியன் தண்டனை விதித்தான். கண்ணகியின் வழக்குரை அத்தண்டனை நிறைவேறிய பின்னரே அரசவையை அடைந்தது. காலங்கடந்த மேன்முறையீடு இழந்ததை மீட்டுத்தர வல்லதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இயற்கை நீதியும் பல்கலைக்கழகமும்

குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் குற்றம் இன்னதென அறிவித்தல், அவர் தரப்பினைக் கேட்டல், தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாகாதிருத்தல் ஆகிய நெறிகளை ஆங்கிலச் சட்ட மரபு "இயற்கை நீதி" என வழங்கும. இம்மரபின் புகழ்பெற்ற தொடக்ககால வழக்குகளுள் ஒன்று பல்கலைக்கழகத்தைச் சார்ந்ததாகவே இருப்பது நம் கவனத்துக்குரியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேரறிஞர் ரிச்சட் பென்ற்லி என்பாரின் பட்டங்களை அப்பல்கலைக்கழகம் அவரை விசாரியாமலே பறித்தது. 1723இல் இங்கிலாந்தின் அரச நீதிமன்றம் பட்டங்களை மீளக் கொடுக்குமாறு பணித்தது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமைத் தண்டிக்குமுன் இறைவனும் அவனை அழைத்து விளக்கம் கேட்டான் என்று நீதிபதியொருவர் அவ்வழக்கிற் சுட்டிக்காட்டியதைச் சட்ட மாணவர் நன்கறிவர். எல்லாம் அறிந்த இறைவனே கேட்டான் எனின், யாவும் அறியாத பல்கலைக்கழகம் கேளாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இலங்கையில் 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் உபவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர். ஆங்கிலப் பல்கலைக்கழகங்களின் வதிவிட மரபைத் தழுவி அமைக்கப்பட்ட இந்நிறுவனத்தில், மாணவரின் தங்குமிடமும் ஒழுக்கமும் தொடர்பான அலுவல்களுக்கென வதிவிட ஒழுக்காற்றுச் சபை ஒன்று இயங்கியது. பரீட்சை வினாக்களை முன்கூட்டியே ஒருவர் அறிந்திருந்தார் என உபவேந்தர் திருப்தியுறுவாராயின், அவரைப் பரீட்சைகளிலிருந்து இடைநிறுத்தும் அதிகாரம் விதிகளால் உபவேந்தருக்கு அளிக்கப்பட்டிருந்தது. "திருப்தியுறுவாராயின்" என்னும் சொல்லே பின்னர் நீதிமன்றங்களில் நீண்ட விவாதத்திற்கு உள்ளாயிற்று. உபவேந்தர் எவ்வழியிலேனும் திருப்தியுற்றாற் போதுமா? அன்றி முறையான விசாரணையின் வழியாகவே திருப்தியுறல் வேண்டுமா?

இவ்வினாவிற்கு விடை காண நேர்ந்ததே இலங்கைப் பல்கலைக்கழகம் எதிர் பெர்னாண்டோ என்னும் வழக்காகும். 1952இல் விலங்கியல் இறுதிப் பரீட்சை எழுதிய மாணவர் ஒருவர், மொழிபெயர்ப்பிற்கெனக் கொடுக்கப்பட்ட ஜேர்மன் மொழிப் பகுதியை முன்னதாகவே அறிந்திருந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். அப்பகுதியில் உள்ள சொற்களை அவரது குறிப்பேட்டில் பரீட்சைக்கு முன்னரே கண்டதாகச் சக மாணவர் ஒருவர் கூறியதே அக்குற்றச்சாட்டின் அடிப்படை. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். ஆயினும் சாட்சிகள் அவர் முன்னிலையில் விசாரிக்கப்படவில்லை. முதன்மைச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று அவருக்கு எவரும் கூறவுமில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் குழு முடிவு செய்ய, பல்கலைக்கழகப் பரீட்சைகள் யாவற்றிலிருந்தும் அவர் காலவரையறையின்றி இடைநிறுத்தப்பட்டார்.

அவர் நீதிமன்றம் சென்றார். மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்திற்கு, அதாவது பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தது. 1960இல் அக்கழகம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் இரு கூறுகளைப் பகுத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது கூறு மாணவ சமுதாயத்திற்கு ஆக்கமானது. உபவேந்தர் தம் விருப்பப்படி திருப்தியுற முடியாது. இயற்கை நீதி நெறிகளுக்கு இணங்க விசாரித்தே முடிவு செய்தல் வேண்டும். குற்றச்சாட்டு இன்னதென மாணவர் அறிந்திருத்தலும் தம் தரப்பைக் கூறுவதற்குப் போதிய வாய்ப்புப் பெறுதலும் இன்றியமையாதன. இந்நெறி இலங்கையில் மட்டுமன்றிப் பொதுநலவாய நாடுகள் பலவற்றிலும் மேற்கோளாகக் கொள்ளப்பட்டு வருகின்றது.

இரண்டாவது கூறு நம்மைச் சிந்திக்க வைப்பது. சாட்சியைக் கேள்வி கேட்க விரும்புவதாக அம்மாணவர் கோரி, அக்கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தால் அவரது வாதம் வலுவுடையதாயிருக்கும். ஆனால் அவர் அவ்வாறு கோரவேயில்லை. கோராத ஒன்றைத் தாமாக முன்வந்து அளிக்காமை விசாரணையைச் செல்லாததாக்கும் குறையாகாது என்பது கோமறைக் கழகத்தின் நிலைப்பாடு. சுருங்கக் கூறின், கேட்டவருக்கு மறுத்தால் அநீதி. கேளாதவருக்குக் கொடாமை அநீதியன்று.

கல்விப் பின்னணியும் சட்ட அறிவும் மிக்க குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்நியதி பெருங்கேடு விளைப்பதன்று. கேட்கலாம் என்பதை அவர் அறிவார். அறியாவிடின் அறிந்தவரை நாடுவார். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கேள்வி கேட்டலே குற்றமாகக் கருதப்பட்ட ஒரு சூழலிலிருந்து வரும் மாணவரின் நிலை என்ன? இவ்வினாவை மனத்திற் கொண்டே எஞ்சிய வரலாற்றை நோக்குவோம்.

கேளாமலே தண்டிக்கப்பட்ட ஒரு தலைமுறை

மேற்கூறிய வழக்கு தனியொருவர் மீதான பரீட்சைக் குற்றச்சாட்டு. அதன் பின் பத்தாண்டு கழிவதற்குள் ஒரு மொழி பேசும் மாணவர் அனைவரையும் பாதித்த பரீட்சைக் குற்றச்சாட்டு ஒன்று எழுந்தது. 1970இல், உயர்தரப் பரீட்சையின் தமிழ்மொழி விடைத்தாள்களைத் திருத்திய பரீட்சகர்கள் தம் மொழி மாணவருக்குப் புள்ளிகளை அளவுக்கு மீறி வழங்கினர் என்னும் குரல் ஓங்கி ஒலித்தது. பேராதனைப் பொறியியற் பீடத்திற்குத் தகுதி பெற்றவருள் தமிழ்மொழி மூல மாணவரின் விகிதம் உயர்ந்திருந்தமையே இக்குற்றச்சாட்டிற்கு வித்திட்டது. குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை. ஆயினும் அதன் விளைவு மட்டும் நடைமுறைக்கு வந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியில், மொத்தம் 400 புள்ளிகளுள் மருத்துவ பீடத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறல் வேண்டும் என வரையறுக்கப்பட்டது. பேராதனைப் பொறியியற் பீடத்திற்கு இவ்வெல்லை முறையே 250, 227 ஆக அமைந்தது. தரப்படுத்தல் என்று வரலாறு குறிப்பிடுவது இவ்வாறு தொடங்கியதே.

தரப்படுத்தலின் அரசியல் விளைவுகள் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. இக்கட்டுரையின் நோக்கிலிருந்து ஒன்றை மட்டும் சுட்டுதல் அமையும். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பரீட்சகர்கள், தண்டனை பெற்றவர்கள் மாணவர்கள். 1960இன் தீர்ப்பு ஒரு மாணவருக்கு அளித்த உறுதிப்பாடுகளுள் ஒன்றேனும், அதாவது குற்றச்சாட்டை அறிவித்தல், விளக்கம் கேட்டல், சான்றினை ஆராய்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும், ஆயிரக்கணக்கான மாணவருக்குக் கிடைக்கவில்லை. தனியொருவரைக் கேளாமல் தண்டித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. ஒரு கூட்டத்தையே கேளாமல் தண்டித்தலோ கொள்கை என்னும் பெயரில் நிறைவேறிற்று. 249 புள்ளி பெற்ற தமிழ்மொழி மூல மாணவர் ஒருவர் எம்மேசையில் சென்று எதனை முறையிடுவார்? தம் விடைத்தாளில் பிழை இல்லை என்பதை அவர் மெய்ப்பித்தாலும் பயனில்லை. ஏனெனில் அவர் மீது குற்றச்சாட்டே சுமத்தப்படவில்லை.

எண்ணப்பட்டவரும் கேட்கப்படாதவரும்

1974இல் மாவட்ட ஒதுக்கீட்டு முறை புகுத்தப்பட்டது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்பப் பல்கலைக்கழக இடங்களைப் பங்கிடுதல் இதன் அடிப்படை. நகர்ப்புறக் கல்லூரிகளின் ஆதிக்கத்தைக் குறைத்துப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழிதிறத்தல் இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களின் மாணவர் சிலர் இதனாற் பயனடைந்தனர் என்பதும் மறுக்கவியலாதது.

பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் நிலை சற்று வேறுபட்டது. மாவட்டத்திற்குரிய இடங்களைக் கணக்கிடுகையில் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் சனத்தொகையில் எண்ணப்பட்டனர். ஆனால் அவ்விடங்களுக்குப் போட்டியிடத்தக்க உயர்தர மாணவர் தோட்டப்புறங்களில் அரிதாகவே இருந்தனர். 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் பரவத் தொடங்கியபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்நீரோட்டத்திற்குப் புறத்தேயே நின்றன. தோட்ட நிருவாகத்தின் கையிலிருந்த அப்பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஓரறைக் கட்டிடங்கள். ஆசிரியர் ஒருவரோ இருவரோ. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறைவு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தையொட்டியே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கலாயிற்று. ஆகவே 1974இல் பதுளை மாவட்டத்திற்கென இடங்கள் ஒதுக்கப்பட்டபோது, அம்மாவட்டத்துத் தேயிலை மலைகளில் வாழ்ந்தவர் அவ்விடங்களின் எண்ணிக்கையைப் பெருக்கினரேயன்றி அவற்றில் அமரவில்லை. அவர்கள் எண்ணப்பட்டனர், கேட்கப்படவில்லை.

1979இல் மாவட்ட ஒதுக்கீடு திருத்தியமைக்கப்பட்டு, 30 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 15 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக வகுக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அடிப்படை உரிமை வழக்குகளை உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்க வழிசெய்தமையால், இவ்வொதுக்கீடு சமத்துவ உரிமைக்கு மாறானது என மாணவர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் இவ்விகிதம் 40, 55, 5 என மாறியது. பின்தங்கியனவாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

பின்தங்கிய மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி குறைவாயிருத்தல் இயல்பு. இதுவே புதியதொரு முறைகேட்டிற்கும் முறைப்பாட்டிற்கும் வழிகோலியது. வசதி மிக்க மாவட்டங்களிற் கற்ற மாணவர் சிலர் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பாடசாலைகளிற் பெயரைப் பதிந்து அங்கிருந்து பரீட்சைக்குத் தோற்றும் வழக்கம் தோன்றியது. பரீட்சைக்கு முற்பட்ட மூன்றாண்டுக் காலத்தில் கற்ற பாடசாலையைக் கொண்டே மாவட்டம் தீர்மானிக்கப்படும் என விதி வகுக்கப்பட்டபோதிலும், வரவு இடாப்பும் அதிபரின் சான்றிதழும் மெய்யாயிருந்தாலன்றி அவ்விதி காவலாகாது. தமிழ்மொழி மூலம் விஞ்ஞான, கணிதப் பாடங்களைக் கற்பிக்கும் பாடசாலைகள் பதுளை மாவட்டத்தில் மிகச் சிலவே. அங்கு கற்றுத் தேறும் ஒருசில தோட்டப்புற மாணவருக்கு ஓர் இடத்தின் இழப்பும் பேரிழப்பாகும். இது குறித்து மலையகத்தில் எழுந்துள்ள மனக்குறை நியாயமானது.

ஆயினும் இங்குத்தான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வெளிமாவட்டத்திலிருந்து வந்து கற்ற ஒவ்வொருவரும் ஏமாற்றுக்காரர் எனக் கொள்வது 1970இல் நமக்கு இழைக்கப்பட்டதை நாமே பிறர்க்கு இழைப்பதாகும். போர்க்காலத்தில் உயிர்தப்பி மலைநாட்டிற்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் உண்டு. பெற்றோரின் தொழில் காரணமாக வந்தவரும் உண்டு. ஒவ்வொரு முறைப்பாடும் தனித்தனியே, சான்றின் அடிப்படையில், குற்றஞ்சாட்டப்பட்ட மாணவரின் விளக்கத்தைப் பெற்ற பின்னரே தீர்க்கப்படல் வேண்டும். முறைப்பாடு செய்பவருக்கு நாம் வேண்டும் நீதியை முறைப்பாட்டிற்கு உள்ளானவருக்கும் வேண்டுவோமாயின் மட்டுமே நம் குரல் அறத்தின் குரலாகும்.

லயனிலிருந்து புதுக்கடை வரை

மலையக மக்களுக்கு முறையீட்டு மரபே இல்லை என எண்ணுதல் தவறு. 1923இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் நியமிக்கப்பட்டார்; தொழிலாளரின் குறைகளைக் கேட்டறிதல் அவர் கடமைகளுள் ஒன்று. 1930களில் கோ. நடேசய்யர் தொழிலாளரைச் சங்கமாக அணிதிரட்டியதோடு, அவர்தம் சட்ட உரிமைகளைத் தமிழில் எளிய பிரசுரங்களாக எழுதிப் பரப்பினார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் அதே செய்தியைப் பாடல்களாக்கித் தோட்டந்தோறும் பாடினார். எழுத்தறியாத மக்களுக்கும் உரிமை இன்னதெனச் சென்றடைய வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கேட்காதவரிடம் சென்று "நீ கேட்கலாம்" என்று சொல்லிய பணி அது. 1960இன் தீர்ப்பு பல்கலைக்கழகத்தின் மீது சுமத்தாது விட்ட கடமையை, அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே இவ்விருவரும் தேயிலை மலைகளில் செய்து காட்டினர்.

எனினும் அம்மரபில் ஒரு குறையும் இருந்தது. தோட்டத்தில் முறையீடு என்பது பெரும்பாலும் இடையில் ஒருவர் வழியாகவே நிகழ்ந்தது. கங்காணியிடம் சொல்லி, அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்வது முன்னைய முறை. தோட்டத் தலைவர் வழியாகத் தொழிற்சங்கக் காரியாலயத்திற்குச் செல்வது பின்னைய முறை. தன் பெயரில், தன் கையெழுத்தில், தன் வாதத்தைத் தானே எழுதி அனுப்பும் பழக்கம் வளர இடமில்லை. பல்கலைக்கழக மேன்முறையீடோ அத்தகைய தனிமனித எழுத்தையே வேண்டி நிற்பது.

இனி, எழுதத் தெரிந்தாலும் தீராத இடர்கள் சில உள. பண்டாரவளையிலிருந்து மலைப்பாதை வழியே பூனாகலைக்கும், அங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கமாகவும் செல்பவர், தேயிலைச் சரிவுகளிடையே தொலைவு தொலைவாக லயன் வரிசைகளைக் காண்பர். இலக்கமிட்ட வீடும் பெயரிட்ட வீதியும் உள்ள ஊர்களைப் போல இவ்வரிசைகளுக்குத் தனித்தனி முகவரி நெடுங்காலமாக இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திற்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து எவர் கையிலேனும் கொடுத்தனுப்பப்படுவதே மலையகத்தின் பொது வழக்கமாயிருந்து வந்தது. பெயரொற்றுமையாற் கைமாறிய கடிதங்களும், நாட்கள் கடந்து வந்த அழைப்புகளும் மலையக மக்களின் பொது அனுபவம். பதினான்கு நாளுக்குள் விடையளிக்குமாறு கோரும் ஒரு கடிதம் பத்தாம் நாளில் கைக்கு வருமாயின், மாணவருக்கு எஞ்சுவது நான்கு நாளே. அந்நான்கு நாளில் கிராம உத்தியோகத்தரையும், அதிபரையும், வலயக் கல்விப் பணிமனையையும் கண்டு சான்றுகள் பெற்றுக் கொழும்புக்கு அனுப்புதல் வேண்டும். விதி அனைவருக்கும் பதினான்கு நாள் என்றே கூறும். காலம் மட்டும் ஒருவருக்குப் பதினான்காகவும் மற்றொருவருக்கு நான்காகவும் அமையும்.

சான்றுகளின் நிலையும் இத்தகையதே. ஒரு குடும்பத்தின் பிறப்பு அத்தாட்சி முதல் பாடசாலை அறிக்கை வரை யாவும் லயன் அறையின் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் எழுத்துச் சான்றுகளும் மண்ணுள் மறைந்தன. ஆவணம் இன்றேல் முறையீடு இல்லை என்று கூறும் அலுவலகம் இத்தகைய நிலத்தின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மொழி மூன்றாவது தடை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்து மக்களுள் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். ஆயினும் பல்கலைக்கழகங்களின் பரீட்சை விதிகளும் ஒழுக்காற்று விதிகளும் ஆங்கிலத்திலேயே தெளிவாகக் கிடைக்கின்றன. விசாரணையில் ஒரு கூற்றினைக் கையெழுத்திடுமாறு கேட்கப்படும் முதலாம் ஆண்டு மாணவர், அக்கூற்று என்ன மொழியில் எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அதன் பொருளை அறிவார். தம் குற்றம் இன்னதென அறியும் உரிமை, தமக்கு விளங்கும் மொழியில் அறியும் உரிமையையும் உள்ளடக்கியதன்றோ?

நீதிமன்ற வழியும் உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அந்நீதிமன்றம் கொழும்பு, புதுக்கடையில் உள்ளது. தேயிலைக் கொழுந்தின் நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்குப் பயணச் செலவும் சட்டத்தரணியின் கட்டணமும் எளிதாவனவல்ல. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்திற்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நிகழும் காலம் அக்கால எல்லையிற் சேர்க்கப்படாது. அவ்வாணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் ஒன்று பதுளையிலேயே உண்டு. கொழும்பு தொலைவாயினும் பதுளை தொலைவன்று. இச்சிறு செய்தியை அறிந்த மாணவர் எத்தனை பேர்?

முறையிட்டோர் பெற்ற பயன்

முறையீடு வீண் முயற்சி என்னும் மனச்சோர்வு நம்மிடையே உண்டு. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசற் புள்ளி முறை கையாளப்படுகின்றது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் கற்றோரும் புதிய பாடத்திட்டத்தில் கற்றோரும் தோற்றினர். வேறுபட்ட வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இவ்விரு சாராரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசற் புள்ளி கணிக்கப்பட்டபோது மாணவர் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2012இல் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லாததாக்கியது. இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்க நேர்ந்தது. 1971இல் ஒரு தலைமுறை பெறாத கேள்வியை 2012இல் மற்றொரு தலைமுறை பெற்றது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் சட்டம் வளர்ந்தது என்பதோடு, கேட்கத் துணிந்தவரும் இருந்தனர் என்பதே இதன் பொருள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பரீட்சையின் இரகசியம் காக்கப்பட வேண்டிய பகுதிகளுக்கு விலக்களித்தபோதிலும், ஒரு முடிவு எவ்விதியின்கீழ் எடுக்கப்பட்டது எனக் கேட்டறிய மேலுமொரு வாயிலைத் திறந்துள்ளது.

ஊவாவின் தலைநகரிலும் இன்று பல்கலைக்கழகம் உண்டு. 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் நிறுவப்பட்டது. பதுளைக்கு 1924இல் புகையிரதம் வந்தபோது தேயிலைப் பெட்டிகளே கொழும்பை நோக்கிச் சென்றன. இன்று அதே பாதையில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பேராதனைக்கும் கொழும்புக்கும் கற்கச் செல்கின்றனர். எண்ணிக்கை இன்னும் சிறிதே. எனினும் அது வளர்ந்து வருவது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, குற்றஞ்சாட்டப்பட்ட மாணவரைக் கேட்ட பின்னரே தீர்ப்பளித்தல் வேண்டும் என்னும் நெறி 1960 முதலே இந்நாட்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பகுதியாகிவிட்டது. இரண்டு, கூட்டத்தின் மீது குற்றஞ்சுமத்தித் தனி மாணவரைத் தண்டிக்கும்போது அந்நெறி பயனற்றுப் போகின்றது என்பதை 1971இன் வரலாறு உணர்த்துகின்றது. மூன்று, கேட்கும் உரிமை ஏட்டில் இருப்பினும், அதனை அறிந்தவரும், உரிய காலத்தில் கடிதம் பெற்றவரும், விளங்கும் மொழியில் வாசித்தவருமே அதன் பயனைத் துய்க்கின்றனர்.

ஆதலின், கோராத ஒன்றை அளிக்காமை குறையன்று என 1960இல் வகுத்த எல்லையோடு நம் பல்கலைக்கழகங்கள் நின்றுவிடலாகாது. சட்டம் வேண்டுவது குறைந்தபட்சம். அறம் வேண்டுவது அதனினும் மிகுதி. ஒவ்வொரு பரீட்சை விசாரணையின் தொடக்கத்திலும் மாணவரின் உரிமைகள் யாவை என அவர்தம் மொழியில் வாசித்துக் காட்டப்படல் வேண்டும். சாட்சியைக் கேள்வி கேட்கலாம், துணைக்கு ஒருவரை அழைக்கலாம், மேன்முறையீடு செய்யலாம் என்பன அவர் கேளாமலே அவருக்குக் கூறப்படல் வேண்டும். கால எல்லை கடிதத்தின் திகதியிலிருந்து எண்ணப்படாது, மாணவர் அதனைப் பெற்ற நாளிலிருந்து எண்ணப்படல் வேண்டும். முடிவோடு காரணமும் எழுத்தில் தரப்படல் வேண்டும்.

மாணவ சமுதாயத்திற்கும் கடமை உண்டு. தமிழ்ச் சங்கங்கள் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துவதோடு அமையாது, பரீட்சை விதிகளையும் மேன்முறையீட்டு வழிகளையும் எளிய தமிழிற் பெயர்த்துப் புகுமுக மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்த மூத்த மாணவர் விடுமுறையில் தம் தோட்டப் பாடசாலைக்குச் சென்று ஒரு பொழுதேனும் அதனைக் கற்பித்தல் வேண்டும். நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளருக்குச் செய்ததைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நாம் செய்வது பெருஞ்செயலன்று, கடனே.

எல்லாளனின் மணி இன்றும் பல்கலைக்கழக வாயில்களிலும் நீதிமன்ற வாயில்களிலும் தொங்கவே செய்கின்றது. அதன் கயிறு பூனாகலை வரை நீளுமாறு செய்தல் ஆள்வோரின் பொறுப்பு. நீண்ட கயிற்றைப் பற்றி இழுத்தல் நம் பொறுப்பு.